270டுவின்: ஒரு தட்டில் கலிஃபோர்னியா முழுக்க நீலம்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் அரசியல் பேசுகிறவர்கள் பலர் திறந்து வைத்துக்கொள்கிற இணையதளம் 270டுவின் (270toWin). காசு கிடையாது. உள்ளே போனால் நாட்டின் வரைபடம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எண், மேலே இரண்டு கட்சிகளுக்குமான கூட்டல். மாநிலத்தைத் தட்டத் தட்ட நிறம் மாறும், நீலம் (ஜனநாயகக் கட்சி), சிவப்பு (குடியரசுக் கட்சி), அப்புறம் இன்னும் யாருக்கும் போகாத நிறம் என்று சுற்றி வரும், கூட்டலும் கூடவே மாறும். 270 வந்துவிட்டால் வெள்ளை மாளிகை. சமாச்சாரம் இவ்வளவுதான், ஆனால் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டீர்கள். தேர்தல் இல்லாத வருஷத்திலும் இதை நோண்டிக்கொண்டிருக்கிற ஆட்கள் உண்டு, நானும் அந்தக் கூட்டம்தான்.

இதில் எத்தனை வசதி, எது வேகம் என்று பட்டியல் போடப் போவதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மக்கள் போடுகிற ஓட்டை எலக்டோரல் காலேஜ் முறை நியாயமாகப் பிரதிபலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்தத் தளம் உதவுமா? உதவும், நிறையவே உதவும். அது காட்டாமல் விடுகிற இடங்களையும் கவனித்தால் இன்னும் கொஞ்சம் அதிகம் புரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்வாளர்கள் என்று 538 பேர் தேர்ந்தெடுக்கிறார்கள், இதுதான் எலக்டோரல் காலேஜ். பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடமோ அத்தனை, கூடவே செனட்டுக்கு இரண்டு, ஆக 435 உடன் 100. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-ல் வந்த 23-வது திருத்தத்தால் 3. பாதியைத் தாண்ட 270 வேண்டும், தளத்தின் பெயரும் அங்கேயிருந்து வந்ததுதான்.

இப்போது கலிஃபோர்னியாவைத் தட்டுங்கள். ஒரே தட்டில் 54 தேர்வாளர் ஓட்டும் நீலப் பக்கம் போய்ச் சேரும். சரி, அங்கே ஜனநாயகக் கட்சிதான் ஜெயிக்கும், அதில் என்ன என்று தோன்றும். 2020-ல் அதே கலிஃபோர்னியாவில் டிரம்புக்கு விழுந்த ஓட்டு 60 லட்சத்துக்கும் மேல். டெக்ஸஸில் அவருக்குக் கிடைத்தது 58 லட்சத்து 90 ஆயிரம். அதாவது அந்த வருஷம் டிரம்புக்கு நாட்டிலேயே அதிக ஓட்டு போட்ட மாநிலம் கலிஃபோர்னியா, அதில் ஒன்றுகூட தேர்வாளராக மாறவில்லை. எதிர்ப்பக்கமும் இதே கதை. அதே தேர்தலில் பைடனுக்கு டெக்ஸஸில் 52 லட்சத்து 59 ஆயிரம் பேர் ஓட்டு போட்டார்கள், அது அவருக்கு நியூயார்க் மாநிலத்தில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். நியூயார்க் ஓட்டு அவருக்கு 29 தேர்வாளர்களைக் கொடுத்தது, டெக்ஸஸ் ஓட்டு பூஜ்யம். வரைபடத்தில் டெக்ஸஸைச் சிவப்பாக்கும்போது அந்த 52 லட்சம் பேர் எங்கே போனார்கள் என்று கேட்க ஓர் இடம்கூட இல்லை. கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு என்று சாயல்கள் வைத்திருக்கிறார்கள்தான், ஆனால் அவை அந்தக் கட்சி ஜெயிப்பது எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வதற்கு, தோற்ற பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்கு அல்ல.

இதைத் தளத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். முறையே அப்படித்தான், தளம் அதை அப்படியே காட்டுகிறது. 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் மொத்தத் தேர்வாளர்களும் அவருக்கே. நிறைய பேர் இதை அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது அங்கே கிடையாது. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்றுதான் சாசனம் சொல்கிறது. ஆரம்பத்தில் சில மாநிலங்களில் தொகுதி தொகுதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், சிலவற்றில் சட்டமன்றமே நியமித்தது, மக்கள் ஓட்டு என்ற பேச்சே இல்லை. 1800 அதிபர் தேர்தலில் தன் ஊர்க்காரர் ஜெஃபர்சனுக்கு ஓர் ஓட்டுகூட சிதறக் கூடாது என்று வர்ஜீனியா தொகுதி முறையை விட்டு மொத்தமும் ஒருவருக்கே என்ற முறைக்கு மாறியது. அதைப் பார்த்த மாசசூசெட்ஸ், அவரை எதிர்த்து நின்ற தன் ஊர் ஜான் ஆடம்ஸுக்காக மக்களிடமிருந்து உரிமையை எடுத்து சட்டமன்றத்திடமே கொடுத்துவிட்டது. அவன் செய்கிறான், நான் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற அதே போட்டியில் 1836-க்குள் தென் கரோலினா தவிர எல்லா மாநிலமும் மொத்தமும் ஒருவருக்கே முறைக்கு வந்துவிட்டன. முன்னோர்கள் யோசித்து வகுத்த ஞானம் என்று இதைப் புகழ்கிறவர்கள் இந்த இரண்டு மாநிலங்களின் கதையை ஒரு தடவை படித்துவிட்டு வரலாம்.

தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய தேர்தல்களின் வரைபடங்கள். 1789-ல் வாஷிங்டன் ஜெயித்ததிலிருந்து எல்லாம் இருக்கிறது, அந்தப் பக்கங்களில் மக்கள் வாக்கு எண்ணிக்கையும் கொடுத்திருக்கிறார்கள். மக்கள் வாக்கில் பின்தங்கியவர் அதிபரான தேர்தல்களை வரிசையாகத் திறந்து பார்க்கலாம்: 1824, 1876, 1888, 2000, 2016. பழைய மூன்றிலும் வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன, குறிப்பாக 1876-ல் தெற்கு மாநிலங்களில் நடந்த மிரட்டலும் முறைகேடும், அதனால் அவற்றை வைத்து இன்றைக்கு வாதாடுவது கஷ்டம். கடைசி இரண்டும் அப்படி இல்லை.

2000-ஐத் திறந்தால் ஃப்ளோரிடா சிவப்பு, 25 ஓட்டு. அங்கே புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 வாக்கு. நாடு முழுக்க ஜனநாயகக் கட்சியின் அல் கோர் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் முன்னிலை. 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்து 68 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கியிருந்தார், ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 77,744 ஓட்டில் தோற்றார், அந்த மூன்றையும் நீலமாக்கினால் டிரம்பின் 306 என்பது 260-க்கு இறங்குகிறது.

இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், இந்த முறை குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகச் செய்து வைத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் 2004-ஐயும் திறக்க வேண்டும். புஷ் நாடு முழுக்க 30 லட்சம் ஓட்டு முன்னிலை. ஒஹையோவில் அவருடைய முன்னிலை 1,18,601. ஒஹையோவைத் தட்டி நீலமாக்குங்கள், 20 ஓட்டு கைமாறி ஜான் கெர்ரி அதிபர். 30 லட்சம் பேர் குறைவாக ஆதரித்த ஒருவர் அதிபராகியிருப்பார், அதுவும் ஒரே ஒரு மாநிலத்தில் அறுபதாயிரம் பேர் மனசு மாறியிருந்தால் போதும். 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், டிரம்ப் மக்கள் வாக்கிலும் சுமார் 23 லட்சம் முன்னிலை, தேர்வாளர் கணக்கில் 312-க்கு 226. பார்க்கும்போது நெருக்கமே இல்லாத தேர்தல் மாதிரி இருக்கிறது. பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10, மூன்றையும் தட்டிப் பாருங்கள். கமலா ஹாரிஸ் சரியாக 270. அந்த மூன்று மாநிலங்களிலும் டிரம்பின் முன்னிலை சேர்த்து சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம், அதில் பாதிக்குச் சற்று மேல் பேர் சரியான இடங்களில் மாற்றிப் போட்டிருந்தால் மக்கள் வாக்கில் 20 லட்சம் பின்தங்கிய ஹாரிஸ் பதவியேற்றிருப்பார். அப்போது இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பழைய பேச்சுகளை அப்படியே மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை.

ஆக இந்த முறை நிரந்தரமாக ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வராது. எந்த மாநிலம் நடுவில் தொங்குகிறதோ அங்கே இருக்கிற சில ஆயிரம் பேர் பக்கம் சாய்கிறது. அது எந்தக் கட்சிக்கு லாபம் என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். நியாயம் என்று பார்த்தால் இது ஒரு கட்சிக்குச் சாதகம் என்பதைவிட மோசம், ஏனென்றால் சரிசெய்யச் சொல்லிக் கேட்க நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட கட்சி என்று யாருமே இல்லாமல் போய்விடுகிறது.

அடுத்து எல்லோரும் எடுக்கிற கணக்கு, வயோமிங். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே இருப்பது 5 லட்சத்து 77 ஆயிரம் பேர், தேர்வாளர் 3. கலிஃபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர், தேர்வாளர் 54. வயோமிங்கில் ஒரு லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒருவர், கலிஃபோர்னியாவில் 7 லட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஒருவர், கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். படிக்கும்போது ரத்தம் கொதிக்கும், மீமாகப் போட்டால் நன்றாக ஓடும். ஆனால் வரைபடத்தில் மூன்று ஓட்டு மாநிலங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வயோமிங், அலாஸ்கா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா சிவப்பு. வெர்மாண்ட், டெலவேர், தலைநகர் நீலம். ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

முழுசாக அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். தளத்தில் சின்ன மாநிலங்களைத் தூக்கிவிடுகிற, செனட்டுக்கான அந்த இரண்டு ஓட்டை மட்டும் கழித்துவிட்டுப் பார்க்க வழி எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால் கையால்தான் போட வேண்டும், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. 2016-ல் டிரம்ப் ஜெயித்தது 30 மாநிலம், 306-ல் 60 போனால் 246. கிளிண்டன் 20 மாநிலமும் தலைநகரும், 232-ல் 42 போனால் 190. அப்போதும் டிரம்ப்தான். 2000-க்குப் போட்டால் புஷ்ஷுக்கு 271-ல் 60 போய் 211, கோருக்கு 267-ல் 42 போய் 225. கோர் ஜெயிக்கிறார். (அசல் கணக்கில் கோருக்கு 266 என்றுதான் பதிவு, தலைநகரத் தேர்வாளர் ஒருவர் ஓட்டே போடாமல் விட்டதால்.) ஒரு தேர்தலைச் சின்ன மாநில போனஸ் புரட்டிப் போட்டிருக்கிறது, இன்னொன்றில் அதற்குச் சம்பந்தமே இல்லை. 2016-ஐ வயோமிங் தலையில் கட்டுகிறவர்கள் விஸ்கான்சினைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

வரைபடமும் இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் காரணம். வழக்கமான படத்தில் மொன்டானா ஒரு பெரிய சிவப்புப் பாய் மாதிரி விரிந்து கிடக்கும், அதற்கு 4 ஓட்டு. ரோட் ஐலண்டுக்கும் 4 ஓட்டுதான், அதைத் தட்டுவதற்கு விரல் நுனிகூடப் பெரிசு, அதனால்தான் வடகிழக்குச் சின்ன மாநிலங்களுக்குப் படத்தின் ஓரத்தில் தனியாக அடையாளம் வைக்க வேண்டியிருக்கிறது. நியூ ஜெர்சி 14. நிலப்பரப்பைப் பார்த்து நாடே ஒரே நிறம் என்று புளகாங்கிதப்படுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம். இது இந்த ஒரு தளத்தின் பிரச்சினை என்றில்லை, தொலைக்காட்சியில் வருகிற எல்லா வரைபடத்துக்கும் உள்ளதுதான். படத்திலேயே இல்லாத ஓர் இடமும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேல் மக்கள், அமெரிக்கக் குடிமக்கள், அவர்களுக்குத் தேர்வாளர் ஒருவர்கூட கிடையாது. அதே ஆள் ஃப்ளோரிடாவில் வீடு எடுத்துக் குடியேறினால் ஓட்டு வந்துவிடும்.

மெயின், நெப்ராஸ்கா இரண்டையும் தளம் நன்றாகக் கையாண்டிருக்கிறது. இந்த இரண்டு மாநிலங்களில் மட்டும் இரண்டு ஓட்டு மாநில அளவில் ஜெயித்தவருக்கு, மிச்சம் ஒவ்வொரு தொகுதியிலும் ஜெயித்தவருக்கு. அதனால் தொகுதிகளைத் தனித்தனியாகத் தட்டலாம். நெப்ராஸ்காவின் இரண்டாவது தொகுதி, ஒமாஹா நகரம் இருப்பது, 2008-லும் 2020-லும் 2024-லும் நீலம். மெயினின் இரண்டாவது தொகுதி 2016-லிருந்து மூன்று தேர்தலும் சிவப்பு. சிவப்பு மாநிலத்தில் நீலக்காரருக்கும் நீல மாநிலத்தில் சிவப்புக்காரருக்கும் ஓட்டு போட்டதற்கு ஏதோ ஒன்று கணக்கில் வருகிறதே, பார்க்க நன்றாக இருக்கிறது, இதையே நாடு முழுக்கக் கொண்டுவந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2012-ஐ அப்படிப் போட்டால் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி அதிபர். ஒபாமா கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டு முன்னிலை, அசல் கணக்கில் 332-க்கு 206, ஆனால் அதிகத் தொகுதிகளில் முன்னிலை ராம்னிக்கு. நகரத்துக்குள் ஒரு கட்சிக்காரர்கள் குவிந்து கிடப்பது ஒரு காரணம், தொகுதி எல்லையைத் தனக்குத் தோதாக வளைத்து வரைந்துகொள்ளும் பழக்கம் இன்னொரு காரணம். மாநில எல்லையையாவது யாராலும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி வரைய முடியாது. அதனால் தொகுதி முறை என்பது இப்போது இருப்பதைவிட மோசமான மருந்து என்பதே என் எண்ணம். ஒவ்வொரு மாநிலத்திலும் வாங்கிய ஓட்டு விகிதப்படி தேர்வாளர்களைப் பிரித்துக்கொடுப்பது அதைவிடத் தேவலாம், அதற்கும் தசமப் புள்ளிச் சண்டைகள் வரும்.

இந்தத் தளத்தில் விளையாடும்போது எப்போதாவது 269-269 வந்து நிற்கும். விளையாட்டுக்கு அது சுவாரசியம், நிஜத்தில் இந்த முறையிலேயே நியாயம் மிகக் குறைவான இடம் அதுதான். யாருக்கும் 270 இல்லையென்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கலிஃபோர்னியாவின் 52 உறுப்பினர்களும் சேர்ந்து ஒன்று, வயோமிங்கின் ஒரே உறுப்பினர் ஒன்று. தலைநகருக்கு ஒன்றுமில்லை. 26 மாநிலம் யாருக்கோ அவர் அதிபர். 1824-ல் இப்படித்தான் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் ஓட்டிலும் முதலில் வந்த ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. இது ஏதோ பழங்கதை என்று தள்ள முடியாது. 2020 வரைபடத்தைத் திறந்து அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றையும் சிவப்பாக்குங்கள். பைடனின் 306-ல் 37 போய் 269, டிரம்பும் 269. அந்த மூன்று மாநிலங்களிலும் பைடனின் முன்னிலை மொத்தம் 42,918. அப்படி நடந்திருந்தால் முடிவு போயிருக்கும் சபையில் உறுப்பினர் எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை, மாநிலம் மாநிலமாக எண்ணினால் பாதிக்கு மேல் குடியரசுக் கட்சியிடம். நாடு முழுக்க 70 லட்சம் ஓட்டு முன்னிலையோடு இருந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார், சட்டப்படியே.

சரி, இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா என்றால் இருக்கிறது, தளத்தில் தெரியாது, அதனால் நான் சொல்கிறேன். 2000-ல் மறு எண்ணிக்கைச் சண்டை ஃப்ளோரிடாவோடு நின்றது. நாடு முழுக்க ஒரே கூட்டலாக இருந்து வித்தியாசம் அரை சதவீதமாக இருந்தால் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) வக்கீல்கள் இறங்கியிருப்பார்கள். அதோடு தேர்தலை நடத்துவதே மாநிலங்கள்தான், யாருக்கு ஓட்டுரிமை, எப்படிப் பதிவு, தபால் ஓட்டு எப்போது வரை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி, அதையெல்லாம் ஒன்றாக்காமல் கூட்டலை மட்டும் ஒன்றாக்குவது சுலபமில்லை. இன்னொன்று, இதை நேரடித் தேர்தல் கேட்கிறவர்கள் பொதுவாகப் பேச மாட்டார்கள்: 2016-ல் நேரடித் தேர்தலாக இருந்திருந்தால் கிளிண்டன் ஜெயித்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் வேறு மாதிரி பிரசாரம் செய்திருப்பார்கள், கலிஃபோர்னியாவில் போட்டு என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் இருந்த சிவப்புக்காரரும் டெக்ஸஸில் சும்மா இருந்த நீலக்காரரும் வந்து ஓட்டு போட்டிருப்பார்கள். மக்கள் வாக்கு என்று நாம் கூட்டிக் காட்டுகிற எண்ணே இந்த முறைக்குள் பிறந்த எண்.

ஆனால் அந்த வாதமே எனக்குப் பெரிய குற்றச்சாட்டாகத் தெரிகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்தில் இருப்பவருக்கு ஓட்டு போடுவதில் அர்த்தமில்லை என்று தோன்ற வைக்கிற முறை, அவர் என்ன விரும்புகிறார் என்பதைக் கேட்கவே இல்லையே. 2024-ல் பிரசாரம் சுற்றிச் சுற்றி வந்தது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களை. ஏழுக்கும் சேர்த்து 93 ஓட்டு. மிச்சம் 445 ஓட்டுக்கான இடங்களை நீங்கள் தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிறம் அடித்துவிடலாம், ஒமாஹா மாதிரி ஒன்றிரண்டைத் தவிர. சின்ன மாநிலங்களைக் காப்பாற்றத்தான் இந்த முறை என்கிறார்களே, அந்த ஏழில் மூன்று ஓட்டு மாநிலம் ஒன்றுகூட இல்லை. வயோமிங்குக்கு யார் வந்து ஓட்டு கேட்டார்கள்?

சின்ன மாநிலம் என்ற பேச்சுக்கே ஒரு பூர்வீகம் உண்டு. 1787-ல் பிலடெல்பியாவில் சாசனம் எழுதியபோது நேரடித் தேர்தல் யோசனை வந்தது, தெற்கில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஓட்டு இல்லாததால் அங்கே ஓட்டு எண்ணிக்கை குறைவாக இருக்கும், அது தெற்குக்கு நஷ்டம் என்று சாசனத்தை வகுத்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனே சபையில் சொன்னார். தேர்வாளர் முறை வந்ததும், பிரதிநிதிகள் சபை இடங்களுக்காக அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணிய கணக்கு அதிபர் தேர்தலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஓட்டு போட முடியாதவர்களின் தலையை எண்ணி அவர்களுடைய எஜமானர்களுக்குத் தேர்வாளர்கள். முதல் 36 வருஷத்தில் 32 வருஷம் வர்ஜீனியாக்காரர்கள்தான் அதிபர்கள்.

மாற்ற முயன்றதில்லையா என்றால், கிட்டத்தட்ட நடந்திருக்கும். 1968-ல் மூன்றாவது வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ் ஐந்து தெற்கு மாநிலங்களை ஜெயித்து 46 ஓட்டு வாங்கியதில், யாருக்கும் 270 கிடைக்காமல் போய்விடுமோ என்று எல்லோரும் பயந்துபோய், 1969-ல் நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை பெரும் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. அடுத்த வருஷம் செனட்டில் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். இப்போது இருப்பது மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தம்: நாட்டு அளவில் மக்கள் வாக்கு யாருக்கு அதிகமோ அவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் சட்டம் போட்டுக்கொள்வது, மொத்தம் 270 சேர்ந்தால்தான் அமலுக்கு வரும். 2007-ல் மேரிலாந்து தொடங்கியது, 2024-ல் மெயின் சேர்ந்தபோது கணக்கு 209. அந்த மாநிலங்களை மட்டும் தளத்தில் தட்டிப் பார்த்தேன், 2024-ல் மாநில அளவில் எல்லாமே ஹாரிஸ் ஜெயித்தவை. தனக்கு இப்போது லாபம் தருகிற விதியை மாற்ற ஸ்விங் மாநிலத்துக்கு (எந்தப் பக்கமும் போகக்கூடிய மாநிலம்) என்ன தலையெழுத்து, அதனால் மிச்ச ஓட்டு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை, வந்தாலும் நீதிமன்றம் விடுமா என்பது வேறு கதை. வாக்காளர் என்ன விரும்புகிறார் என்று நேராகவே கேட்டும் பார்த்திருக்கிறார்கள், பியூ என்ற ஆய்வு நிறுவனம் 2024-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் நேரடி மக்கள் வாக்கே வேண்டும் என்றார்கள்.

தளத்துக்கு வருகிறேன். இரவு தேர்தல் முடிவு பார்க்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் இருந்தால் கொடுத்துப் பாருங்கள், எந்த மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு என்பது இரண்டு நாளில் மனப்பாடமாகிவிடும். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள மட்டும் வருகிறவர்கள் கவனமாக இருங்கள், நீங்கள் தட்டுவதற்கெல்லாம் அது தலையாட்டும், வயோமிங்கை நீலமாக்கினாலும் ஒன்றும் சொல்லாது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒரு மாநிலத்தைத் தட்டும்போது கடந்த தேர்தலில் அங்கே தோற்ற பக்கம் வாங்கிய ஓட்டும் ஓரமாக ஓர் எண்ணாக ஓடினால் அந்த ஐந்தாவதையும் கொடுத்துவிடுவேன். அதுவரைக்கும் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, 2004, 2020, 2024 மூன்றையும் மேலே சொன்ன மாதிரி தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவை.